பூச்சி மாத்திரை நாளில் பிள்ளையைத் திருப்பி அனுப்பினால்

எங்கள் பக்கத்தில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, படிப்பை நிறுத்திவிட்டு மில் வேலைக்குப் போகிறவள். பூச்சி மாத்திரை கேட்டு அங்கன்வாடிக்குப் போனாள். “இது சின்னப் பிள்ளைகளுக்குத்தான்” என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டால் “இங்கே படிக்கிறவங்களுக்குத்தான்” என்று பதில். நாலு படி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்கும், அவ்வளவு ரத்தச்சோகை. கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும் புழு. அந்த மாத்திரை யாருக்கு அவசியமோ அவளையே இரண்டு வாசலிலும் திருப்பி அனுப்பினார்கள்.

திட்டத்தின் பெயர் தேசிய குடற்புழு நீக்க நாள். 2015 முதல் நடக்கிறது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று வருடத்துக்கு இருமுறை. விடுமுறை வந்தால் தேதி தள்ளிப்போகும். 1 வயது முதல் 19 வயது வரை எல்லோருக்கும் அல்பென்டசோல் மாத்திரை இலவசம். “எல்லோருக்கும்” என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். தனியார் பள்ளிப் பிள்ளைக்கும் உண்டு. பள்ளிக்கே போகாத பிள்ளைக்கு அங்கன்வாடியில் கொடுக்க வேண்டும், அங்கே பெயர் பதிந்திருக்கிறதா என்று பார்க்கக் கூடாது. செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த குடும்பத்தின் பிள்ளையையும் “நீங்க இந்த ஊர் இல்லையே” என்று அனுப்ப முடியாது. அனுப்பினால் கிராம சுகாதாரச் செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அன்றைக்கே பாருங்கள். மறுநாள் போனால் “முடிஞ்சுபோச்சு” என்பார்கள்.

ஆனால் உண்மையில் அன்றோடு முடிவதில்லை. விடுபட்டவர்களுக்காகச் சுமார் ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள் இருக்கிறது. இதை வீட்டுக்குச் சொல்லி அனுப்புகிற பள்ளிகள் குறைவு. இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. மாத்திரை கொடுத்ததும் பதிவேட்டில் டிக் போட வேண்டும். கணக்கு நிறைய வேண்டும் என்று, வராத பிள்ளைக்கும் டிக் போட்டுவிட்ட ஒரு பள்ளியைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை போய் நின்றபோது “உனக்குக் கொடுத்தாச்சே” என்றார்கள். அதனால் உங்கள் பிள்ளை அன்று லீவு என்றால், அதை வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் வாங்காதீர்கள். ஆசிரியரோ அங்கன்வாடிப் பணியாளரோ கண்ணெதிரே சாப்பிட வைக்க வேண்டும் என்பதுதான் விதி. அதற்குக் காரணம் உண்டு. சின்னப் பிள்ளை முழு மாத்திரையை விழுங்கப்போய்த் தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. 1 முதல் 2 வயது வரை அரை மாத்திரை, அதாவது 200 மில்லிகிராம். இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து நன்றாகப் பொடித்து, தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். 2 வயதுக்கு மேல் முழு மாத்திரை, 400 மில்லிகிராம். 3 வயது வரை அதையும் பொடித்தே கொடுக்க வேண்டும். பெரிய பிள்ளைகள் மென்று தின்ன வேண்டும். அழுகிற பிள்ளையின் மூக்கைப் பிடித்து வாயில் திணிக்கவே கூடாது.

அன்று காய்ச்சலோ வேறு நோயோ இருந்தால், வேறு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால், வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். உடம்பு சரியானதும் கேட்டு வாங்கலாம். முன்பு வலிப்பு வந்த பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கல்யாணமான இளம்பெண்கள் கர்ப்பமாக இருந்தால், அல்லது அப்படிச் சந்தேகம் இருந்தாலே, வரிசையில் நிற்க வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

பட்டினி கிடக்க வேண்டாம். அப்புறம் விளக்கெண்ணெய், பேதி மருந்து எதுவும் தேவையில்லை. புழு வெளியே வந்து கண்ணில் படவில்லை என்று மருந்துக் கடையில் இன்னொன்று வாங்கிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது தப்பு. பள்ளியில் ஒன்று, அங்கன்வாடியில் ஒன்று என்று இரட்டிப்பாகவும் வேண்டாம்.

வயிற்றில் புழு அதிகம் இருந்த பிள்ளைக்கு லேசான வயிற்றுவலி, குமட்டல், வாந்தி வரலாம். நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். மூச்சுத் திணறினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மாத்திரை பற்றிச் சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.