வெட்சூட்டை மொட்டை மாடியில் காயப்போடாதீர்கள்

போன வாரம், இங்கே மொரீஷியஸில், எபேன் நகரத்தில் கணினி வேலை பார்க்கும் தம்பி ஒருவர் தன் வெட்சூட்டை, அதாவது கடலுக்குள் மூழ்கும்போது (டைவிங்) போடும் ரப்பர் உடுப்பைக் கொண்டுவந்தார். "அண்ணே, வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல, முட்டியில வெடிச்சிடுச்சு. மட்டமான சரக்கு."

வாங்கி முகர்ந்து பார்த்தேன். வாடையே இல்லை, ஒழுங்காகத்தான் அலசியிருக்கிறார். ஆனால் இரண்டு தோளிலும் கம்பி ஹேங்கர் அழுத்திய பள்ளம். முட்டியை மடக்கினால் அட்டை மாதிரி விறைப்பு.

"எங்க காயப்போடுறீங்க?"

"மொட்டை மாடியிலதான். மதியத்துக்குள்ள காஞ்சிடும்."

ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக் என்ற கடற்கரை ஊரில் டைவிங் சாமான்களைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. என்னிடம் வருவதில் பவளப்பாறை கிழித்த சூட்டைவிட வெயில் தின்ற சூட்டே அதிகம். வெட்சூட் செய்யும் நியோப்ரீன் என்ற ரப்பருக்குள் கண்ணுக்குத் தெரியாத வாயுக் குமிழிகள் நிறைந்திருக்கும். குளிரைத் தடுப்பது அவைதான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகும்போது அவை சுருங்கும். மேலே வந்ததும் விரியும். வெயில் பட்டுப்பட்டு ரப்பர் இறுகிவிட்டால் அந்த நெகிழ்வு போய்விடும். பூட்டிய கார் டிக்கியும் இதே வேலையைத்தான் செய்யும்.

கரையேறியதும் நல்ல தண்ணீரில் பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். வெந்நீர் வேண்டாம், வாஷிங் மெஷினும் பிளீச்சும் கூடவே கூடாது. உள்பக்கத்தை வெளியே திருப்பி அலசுங்கள். வியர்வையும் மற்றதும் அங்கேதான். 'மற்றது' என்னவென்று டைவர்களுக்குத் தெரியும். தண்ணீருக்குள் இறங்கினாலே சிறுநீர் முட்டும், அது உடம்பின் இயல்பு, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அலசாமல் சுருட்டிப் பைக்குள் திணித்தால் கிருமி பெருகும். அதையே மறுபடி மாட்டினால் மயிர்க்கால்களில் சிவந்த கொப்புளம் வரலாம். வாடை போக, வெட்சூட்டுக்கென்றே விற்கும் ஷாம்பு போதும். இல்லையென்றால் குழந்தை ஷாம்பு. மழை பொய்த்துக் குழாயில் தண்ணீர் முறைவைத்து வரும் மாதங்களில் முதலில் சூட், அப்புறம் பூட்ஸ் என்று ஒரே வாளியில் முடித்துவிடலாம்.

உலர்த்துவது நிழலில், காற்றோட்டத்தில். கம்பி ஹேங்கர் வேண்டாம். பருத்த குழாயின் மேல் இடுப்போடு மடித்துப் போடுங்கள். முதலில் உள்பக்கம், அது காய்ந்தபின் வெளிப்பக்கம். இங்கே ஜனவரி கோடைகாலம், அந்தப் புழுக்கத்தில் இரண்டு நாள்கூட ஆகும். அவசரப்பட்டு ஹேர் டிரையரை எடுக்காதீர்கள். ஜிப்பில் மாதம் ஒருமுறை மெழுகு தேய்த்தால் இறுகாது.

சின்னக் கிழிசலை வீட்டிலேயே ஒட்டலாம். நியோப்ரீன் பசையை இரு விளிம்பிலும் மெல்லிசாகத் தடவி, காயவிட்டு, இன்னொரு பூச்சு கொடுங்கள். விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் வரும் பதத்தில் சேர்த்து அழுத்துங்கள். ஒரு நாள் தொடக்கூடாது. ஈரத்தில் ஒட்டினால் முதல் டைவிலேயே பிரியும்.

தம்பியின் முட்டியை ஒட்டிக் கொடுத்தேன். இந்தக் குளிர்காலம் ஓட்டலாம், அடுத்ததற்குப் புதுசு வாங்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன். "ஃப்ளாட்ல நிழலுக்கு எங்கண்ணே போவேன்?" என்றார். குளியலறை ஷவர் கம்பி எவ்வளவு பருமன் என்று கேட்டேன்.