தண்ணீரில் முக்கினால் நொறுங்காத வெண்கலம்

பழுக்கக் காய்ச்சிய அரிவாளைத் தண்ணீரில் முக்கினால் விறைத்துக்கொள்ளும். பதம் தப்பினால் ஒரு தட்டிலேயே தெறித்துவிடும். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குராசானில், அதாவது இன்றைய கிழக்கு ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம், கிண்ணம் அடித்த கன்னார்களின் உலோகம் நேர்மாறு. முக்காமல் விட்டால்தான் அது நொறுங்கும்.

பாரசீகத்தில் அதன் பெயர் சஃபீத்ரூய். 'சஃபீத்' என்றால் வெள்ளை. (நம் வெண்கலத்திலும் அதே 'வெண்' ஒட்டிக்கொண்டிருக்கிறது, பாருங்கள்.) செம்பும் வெள்ளீயமும் கலந்தது என்று 11ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்-பிரூனி குறிப்பிடுகிறார். பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதை நபிமொழி விலக்கியிருந்ததால், அவற்றைப்போல் மினுங்கும் ஒன்றுக்கு மவுசு இருந்ததில் வியப்பில்லை.

சாதாரண வெண்கலத்தில் வெள்ளீயம் 10 சதவீதம் போல இருக்கும். இதில் 20ஐத் தாண்டும். வெள்ளீயம் கூடக்கூட நிறம் வெளுக்கும், கூடவே வம்பும் வரும். மெல்ல ஆறவிட்டால் உள்ளே 'டெல்டா' என்ற அமைப்பு உருவாகிறது. கல்போல் கடினம், கண்ணாடிபோல் உடையும். ஆறிய தகட்டில் சுத்தியல் விழுந்தால் அவ்வளவுதான்.

சரி, அதே தகட்டைச் செஞ்சூடேற்றினால்? 600 டிகிரி செல்சியஸ் வாக்கில் டெல்டா போய், 'பீட்டா' என்ற இணக்கமான அமைப்பு வருகிறது. அடித்த அடிக்கு வளைந்து கொடுக்கும். 800ஐ நெருங்கினாலோ உருகத் தொடங்கிவிடும். வேலை முழுவதும் இந்த இடைவெளிக்குள்தான். வெப்பமானி ஏது? தகட்டின் சிவப்பைப் பார்த்துக் கண்ணால் கணிக்க வேண்டும். கிண்ணம் மெலிய மெலியச் சீக்கிரம் ஆறிப்போகும். மறுபடி உலை, மறுபடி அடி.

கடைசிச் சூட்டோடு அப்படியே தண்ணீரில் தோய்ப்பார்கள். அணுக்கள் இடம்மாறி டெல்டா உருவாக நேரம் வேண்டும். தண்ணீர் அந்த நேரத்தைத் தருவதில்லை. பீட்டா நுண்ணிய ஊசிகளாக உருமாறி நின்றுவிடுகிறது. நுண்ணோக்கியில் அந்த ஊசிகள் தெரிந்தால், பாத்திரம் சூட்டோடு தோய்க்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் கண்டுகொள்வார்கள்.

இந்த வித்தை குராசானில்தான் முதலில் தோன்றியது என்றும் சொல்ல முடியாது. ஆதிச்சநல்லூரிலும் நீலகிரிப் புதைகுழிகளிலும் கிடைத்த மெல்லிய கிண்ணங்கள் இதே வகை; காலத்தால் மிக முந்தியவை.

ஒரு குறை உண்டு. ஆறிய பின் இந்த உலோகத்தில் உளி எளிதில் இறங்காது. அதனால் அலங்காரம் பெரும்பாலும் புள்ளியிட்ட சிறு வட்டங்களோடும் கீறல் கோடுகளோடும் நின்றுவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் வெள்ளிக் கம்பி பதிக்கும் மோகம் பரவியது. அதற்கு மெத்தென்ற பித்தளைதான் தோது. 1163இல் குராசானின் ஹெராத் நகரில் செய்த, வெள்ளியும் செம்பும் பதித்த வாளி ஒன்று ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் உடம்பில் வெற்றிடம் தேடினால்கூடக் கிடைக்காது.