6-ஆம் நாள் உதட்டைக் கிள்ளாதீர்கள்

லிப் டாட்டூ, அதாவது ஊசியால் உதட்டில் நிறமி ஏற்றுவது, போட்ட 6-ஆம் நாள் காலையில் போட்டுக்கொண்டவரிடமிருந்து எனக்கு ஒரு போட்டோ வரும். கண்ணாடி முன் நின்று உதட்டைக் குவித்து எடுத்த படம். கூடவே ஒரு வரி: "கலர் மொத்தமும் போயிடுச்சு, காசு வேஸ்ட்." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கீழுதட்டின் நடுவில் மிளகளவு சிவந்த பள்ளம். அங்கே தோல் தானாக விழவில்லை, நகத்தால் கிள்ளியிருக்கிறார்கள். இந்த மாதம் இதே படத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

நிறம் எங்கேயும் போகவில்லை. நிறமி தங்க வேண்டிய இடம் மேல்தோலுக்குக் கீழே. ஆனால் ஊசி போகிற வழியில் மேல்தோலிலும் கொஞ்சம் படிந்துவிடும். முதல் நாள் பளிச்சென்று தெரிவது இரண்டும் சேர்ந்த நிறம். வீக்கத்தால் வரும் சிவப்பு வேறு. 3-ஆம் நாள் வாக்கில் மேல்தோல் உரியத் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் அதிலிருந்த நிறமியோடு கழன்றுவிடும். அடியில் முளைத்த புதுத் தோல் பாலாடை போட்டதுபோல மங்கலாக இருக்கும். நிறம் அதற்கு அடியில்தான் இருக்கிறது. 2 வாரம் கடந்ததும் மெல்ல மேலே எழும்பும். முடிவான நிறம் தெரிய 6 வாரம் ஆகும். முதல் நாள் பார்த்த அடர்த்தி பாதிவரைகூடக் குறையும், அது தோல்வி அல்ல. டச்-அப் (மங்கிய இடத்தில் மறுபடி நிறம் ஏற்றுவது) தேவையா என்று பார்ப்பதே 6 முதல் 8 வாரம் கழித்துத்தான். 10-ஆம் நாளே "இன்னொரு தடவை போட்டு விடுங்க" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள், கேட்டதும் போட்டுவிடும் ஆட்களும் இருக்கிறார்கள். ஆறாத தோலில் மறுபடி ஊசி ஏறினால் தழும்பில் போய் முடியலாம்.

கிள்ளினால் என்ன ஆகும்? பாதி கழன்ற தோலின் மறுபாதி இன்னும் உதட்டோடு ஒட்டியிருக்கிறது. இழுத்தால் அடியிலிருக்கும் நிறமியும் சேர்ந்து வந்து, அங்கே திட்டு விழும். இயல்பிலேயே கருமை கலந்த உதடு என்றால் காயம்பட்ட இடம் இன்னும் கறுத்துப்போகும். நகம் மட்டுமல்ல, பல்லால் கடித்து எடுப்பதும், நாக்கால் நனைத்துக்கொண்டே இருப்பதும், டவலால் தேய்ப்பதும் கிள்ளுவதற்குச் சமம்தான். தோல் நுனி தொங்கி உறுத்தினால் அதன்மேல் கொஞ்சம் ஆயின்ட்மென்ட் தடவி விடுங்கள். ஓரிரு நாளில் தானே விழும்.

ஆயின்ட்மென்ட் என்றதும் உதட்டில் குழம்பாக அப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டு உதட்டுக்கும் சேர்த்து ஓர் அரிசி அளவு போதும். லேசாக மினுங்கினால் சரி. ஈரத்தில் ஊறிப்போன பொருக்கு, நேரத்துக்கு முன்னாலேயே கழன்றுவிடும். முதல் சில மணி நேரம் நிணநீர் கசியும். கொதிக்க வைத்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான காஸ் துணியால் அரை மணிக்கு ஒருமுறை ஒற்றி எடுங்கள். விட்டுவிட்டால் காய்ந்து தடித்த பொருக்காகி, சாப்பிட வாயைத் திறக்கும்போது வெடிக்கும். பிறகு ஒரு வாரம், 10 நாள் வரை, தினம் 4 அல்லது 5 முறை ஆயின்ட்மென்ட் தடவுங்கள். கையைக் கழுவிவிட்டு, ஒவ்வொரு முறையும் புது காட்டன் பட். உதட்டில் பட்ட முனையை மறுபடி டப்பாவுக்குள் விடக் கூடாது.

வாசனை கலக்காத பெட்ரோலியம் ஜெல்லி போதும். வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு ட்யூபை எடுக்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த க்ரீம் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும், கிருமி பரவவும் வழி விடும். நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த ஆயின்ட்மென்ட் சிலருக்கு ஒவ்வாமை தரும். அரித்துச் சிவந்ததும் "இன்ஃபெக்‌ஷன்" என்று நினைத்து அதையே இன்னும் தடவுவார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் உதட்டுப் பக்கமே வர வேண்டாம்.

உதட்டில் வரும் காய்ச்சல் கொப்புளம் பற்றிக் கேட்டால் "எனக்கு வந்ததே இல்லை" என்பார்கள். அதற்குக் காரணமான ஹெர்ப்பஸ் வைரஸ், 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 64 சதவீதம் பேரிடம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நரம்பில் தூங்கிக் கிடப்பதை ஊசிக் காயம் எழுப்பிவிடும். ஒருமுறையாவது வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், தயவுசெய்து. மருத்துவர் இந்த வைரஸை அடக்கும் மருந்தான அசைக்ளோவிரோ வாலாசைக்ளோவிரோ எழுதித் தந்தால், உதட்டில் ஊசி படும் முன்பே தொடங்கிவிடலாம். தோல் உரிவதையும் கொப்புளத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உரிதல் உதடு முழுக்கப் பரவலாக இருக்கும். கொப்புளத்துக்கு முன் ஓரிடத்தில் சுருக் சுருக்கென்று குத்தும், எரியும், பிறகு நீர் கோத்த குமிழ்கள் கொத்தாகக் கிளம்பும். அந்த இடத்தில் நிறமியும் நிற்காது.

மற்றவை சுருக்கமாக. முதல் வாரம் சூடும் காரமும் புளிப்பும் வேண்டாம். சிறு வாயாகச் சாப்பிடுங்கள். பல் துலக்கும்போது பேஸ்ட் நுரை உதட்டில் வழிய விடாதீர்கள். முத்தம், 10 நாள் கழித்து. நீச்சல், நீராவிக் குளியல், வியர்க்கும் உடற்பயிற்சி, லிப்ஸ்டிக் எல்லாம் 2 வாரம் கழித்து. லிப்ஸ்டிக்கும் புதிதாகப் பிரித்ததாக இருக்கட்டும், பழையதில் என்னென்ன கிருமி இருக்கிறதோ. முகத்துக்கு ரெட்டினால் (வைட்டமின் ஏ கலந்த க்ரீம்) போடுகிறவர்கள் 4 வாரம் வாயைச் சுற்றித் தொடாதீர்கள். ஆறிய பிறகு வெயிலில் போனால் எஸ்.பி.எஃப். 30 உள்ள லிப் பாம். வெயில் நிறமியை வெளிறச் செய்யும்.

வீக்கம் முதல் 24 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய் 2, 3 நாளில் வடிய வேண்டும். 3-ஆம் நாளுக்குப் பிறகு வலியும் வீக்கமும் கூடினாலோ, மஞ்சள் பச்சையாகச் சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ போட்டோ அனுப்பிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் நேரே அவசர சிகிச்சைக்கு. எல்லாம் ஆறி மாதங்கள் கழித்து உதடு அரித்துத் தடித்தாலும் காட்ட வேண்டும். சிவப்பு நிறமிக்கு ஒவ்வாமை தாமதமாகவும் வரும்.

இதெல்லாம் எதுவும் இல்லை, நிறம்தான் மங்கலாக இருக்கிறது என்றால் 42-ஆம் நாள் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். அன்றைக்குப் பேசலாம், டச்-அப் வேண்டுமா என்று.