பாயிண்ட் பிக்கிங் – புள்ளித் தெரிவு

கணினியில் வரைந்த வரைபடத்தின் மேல் கிளிக் செய்து, அந்தப் புள்ளிக்குரிய அளவீட்டைப் பெறுவதுதான் பாயிண்ட் பிக்கிங். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களில் 'பாயிண்ட் எடு', 'கர்சர் வச்சு வேல்யூ பாரு' என்றால் யாருக்கும் புரியும். ஆனால் இந்தப் பேச்சில் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. அளந்து பதிந்த புள்ளியைச் சுட்டி, அதன் எண்ணை அட்டவணையிலிருந்தே வாங்குவது ஒன்று. கிளிக் விழுந்த இடம் அச்சுகளில் எந்த மதிப்புக்கு நேராக வருகிறது என்று வாசிப்பது இன்னொன்று. முதலாவதில் கிடைப்பது கருவி அளந்த எண். இரண்டாவதில் கிடைக்கும் எண்ணில் கைநடுக்கமும் சேர்ந்திருக்கும்.

ஆங்கிலத்தில் 'பிக்' என்பதன் பழம்பொருள் கூரான முனையால் குத்துவது. கணினி வரைகலையில் அது, திரையைத் தொட்டுச் சுட்டும் ஒளிப்பேனாவோடு நிலைபெற்றது. 1963இல் ஐவன் சதர்லேண்ட் எழுதிய ஸ்கெட்ச்பேட் நிரலில், திரையில் தெரியும் கோட்டின் மேல் ஒளிப்பேனாவை வைத்தால், அது எந்தக் கோடு என்று கணினி அறிந்துகொண்டது. பின்பு வந்த கிராஃபிக்கல் கெர்னல் சிஸ்டம் என்ற வரைகலை விதித்தொகுப்பு, 1985இல் ஐஎஸ்ஓ 7942 என்ற தரமானபோது, உள்ளீட்டுக் கருவிகளை ஆறு வகையாகப் பிரித்தது. அதில் 'லொகேட்டர்' இடத்தைத் தருவது, 'பிக்' வரைந்த பொருளைத் தருவது. மேலே சொன்ன இரண்டு வேலைகளும் அந்தத் தரத்திலேயே தனித்தனியாக இருந்தன.

தமிழில் என்ன சொல்லலாம்? 'பறித்தல்' பொருந்தாது, தரவைப் பறித்தல் என்றால் பிடுங்கிக்கொள்வதாகிவிடும். 'பொறுக்குதல்' தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்து மற்றதை விடுவதையும் சொல்லும். ஆய்வில் அது குற்றம், அந்தக் குற்றத்துக்கே அந்தச் சொல் இருக்கட்டும். 'புள்ளித் தேர்வு' என்றால் நம் மாணவர் காதில் முதலில் பரீட்சைதான் விழும். 'தெரி' என்ற வினைக்குக் கண்ணுக்குப் புலப்படுவது, தேர்ந்தெடுப்பது என இரண்டு பொருளும் உண்டு. திரையில் தெரிவதைத் தெரிந்தெடுக்கும் இந்த வேலைக்குப் 'புள்ளித் தெரிவு' சரியாக அமைகிறது. லொகேட்டர் வேலைக்கு 'இட வாசிப்பு' போதும். 'தரவு' பற்றி ஒரு வார்த்தை: கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் அதே பெயர்தான். தருவது என்ற வேர் 'டேட்டா'வின் லத்தீன் மூலத்துக்கும் பொருந்தும், ஆகவே அதை மாற்ற வேண்டியதில்லை.

மென்பொருள்களில் எது எது என்று அறிந்துகொள்வது முக்கியம். ஆரிஜினில் டேட்டா ரீடர் புள்ளித் தெரிவு, ஸ்கிரீன் ரீடர் இட வாசிப்பு. மேட்லேபில் டேட்டா டிப் முதல் வகை, ஜி-இன்புட் இரண்டாம் வகை. நியூபிளாட்டின் (gnuplot) 'பாஸ் மவுஸ்' (pause mouse) கட்டளை இடத்தை மட்டுமே தரும். பைத்தான் மொழியின் வரைபடத் தொகுப்பான மேட்பிளாட்லிப்பில் ஜி-இன்புட் இட வாசிப்பு; சும்மா விட்டால் 30 நொடியில் தானே முடிந்துவிடும், டைம்அவுட்டை 0 என்று கொடுத்தால் காத்திருக்கும். புள்ளித் தெரிவுக்கு, கிளிக் எவ்வளவு தள்ளி விழுந்தாலும் ஏற்கலாம் என்ற எல்லையான பிக்கரை 5 என்று வைத்து, புள்ளியில் கிளிக் விழுந்ததைத் தெரிவிக்கும் பிக் ஈவென்ட்டை இணைக்க வேண்டும். அந்த 5 பிக்சல் அல்ல. அங்குலத்தில் 72இல் ஒரு பங்கான, அச்சுத்தொழிலில் 'பாயிண்ட்' எனப்படும் அளவு. ஈவென்ட் தரும் வரிசை எண்ணைக் கொண்டு அட்டவணையில் மதிப்பை எடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டு மவுஸின் எக்ஸ், ஒய் மதிப்பை எடுத்தால் அது மறுபடியும் இட வாசிப்புதான்.

இந்த வேறுபாடு நம் மாவட்டங்களில் குடிநீரைத் தொடுகிறது. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500படி லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் ஃபுளூரைடு ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. ஸ்பேட்ன்ஸ் (SPADNS) என்ற சாயத்தைக் கொண்டு ஃபுளூரைடை அளக்கும் முறையில் 570 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து, 0, 0.2, 0.4 என்று 1.4 மில்லிகிராம் வரை செறிவு தெரிந்தே தயாரித்த நியமக் கரைசல்களோடு ஒப்பிடுகிறோம். அந்த வரைபடத்தில் டேட்டா ரீடரை வைத்து மாதிரியின் செறிவைப் பார்த்தால், கர்சர் பக்கத்து நியமப் புள்ளிக்குத் தாவிவிடும். 0.92 உள்ள நீரும் 1.08 உள்ள நீரும் இரண்டுமே 1.0 என்று பதிவாகும். இங்கே தேவை புள்ளித் தெரிவே அல்ல. நியமப் புள்ளிகளுக்குப் பொருத்திய கோட்டின் சமன்பாட்டில் உறிஞ்சல் மதிப்பை இட்டுக் கணக்கிட வேண்டும். புள்ளித் தெரிவுக்கு உரிய வேலை, கோட்டை விட்டு விலகி நிற்கும் நியமம் எது என்று கண்டு, அந்தக் கரைசலை மீண்டும் தயாரிப்பது.

ஃபுளூரைடை அயனி மின்முனையில் அளந்தால் செறிவு அச்சு மடக்கை அளவில் இருக்கும். 0.1 முதல் 10 வரையான அச்சு 400 பிக்சலில் விரிந்தால், 5 பிக்சல் தவறினாலே செறிவில் ஏறத்தாழ 6 சதவீதம் பிழை. 1.5க்கு அருகில் அது 0.09 மில்லிகிராம்.

இரட்டை அச்சு இன்னொரு பொறி. கிருஷ்ணகிரி அணையின் நீர்மட்டத்தை இடப்புறம் அடியிலும் மழையை வலப்புறம் மில்லிமீட்டரிலும் வரைந்தால், மேட்பிளாட்லிப் கிளிக்கை மேலே கிடக்கும் அச்சுக்கே கொடுக்கும், அதாவது வலப்புற அச்சுக்கு. அணையின் முழு உயரம் 52 அடி. அதற்கு மேல் நீர்மட்டம் வந்தால் வாசித்தது மழை அச்சு என்று உடனே பிடித்துவிடலாம். குறைவாக வந்தால் பிடிபடாது, எனவே ஒவ்வொரு அச்சுக்கும் தனிப் படம் வரைவதே நல்லது. மேட்பிளாட்லிப்பில் தேதியும் நேராக வராது: 2024 ஜனவரி 1 என்பது 19723 என்று வரும், 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நாள்கள்.

மேட்பிளாட்லிப்பில் கிளிக் வேலையே செய்யவில்லையா? ஜூம் அல்லது பேன் பொத்தான் அழுத்தியபடி இருக்கிறதா என்று பாருங்கள்; அது விடுபடும்வரை பிக் ஈவென்ட் எழாது. புள்ளிகளைக் கோட்டால் இணைத்திருந்தால், நடுக்கோட்டில் கிளிக் செய்தாலும் அந்தத் துண்டின் தொடக்கப் புள்ளி கிடைக்கும். கோட்டை நீக்கிக் குறிகளை மட்டும் வைத்தால் இது நிற்கும். நெருக்கமான இடத்தில் பல வரிசை எண்கள் ஒன்றாக வரும். முதல் எண்ணை எடுக்காமல், திரைத் தூரத்தில் அருகில் உள்ளதைக் கணக்கிட்டு எடுங்கள். வரிசை எண் பைத்தானில் 0இல் தொடங்கும், மேட்லேபில் 1இல். எக்செலில் தலைப்பு வரி இருந்தால் பைத்தான் எண்ணோடு 2 கூட்டினால் வரி கிடைக்கும். ஆனால் வெற்று வரிகளை முன்பே நீக்கியிருந்தால் இந்தக் கணக்கு பிசகும், அப்போது மாதிரி எண்ணைத் தனி நெடுவரிசையாகக் கூடவே வைத்திருக்க வேண்டும்.