தலைச்சுற்றளவுக் கட்டம் காலியாக இருந்தால் கேளுங்கள்

எட்டு மாதக் குழந்தை. "தலை கொஞ்சம் பெரிசுதான் டாக்டர், அவங்க அப்பாவுக்கும் அப்படித்தான்" என்றார் அம்மா. உச்சிக்குழியில் விரல் வைத்துப் பார்த்தேன். அழாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அந்த இடம் மெத்தென்று இருக்க வேண்டும். இங்கே விம்மி, விறைப்பாக இருந்தது. கண்கள் கீழே தாழ்ந்து, கருவிழிக்கு மேல் வெள்ளை தெரிந்தது. தடுப்பூசி அட்டையில் தலைச்சுற்றளவை பிறந்த அன்று எழுதியிருந்தார்கள். அப்புறம் எல்லாக் கட்டமும் காலி.

எம்ஆர்ஐயில் காலிஃபிளவர் போல ஒரு கட்டி: கோராய்டு பிளெக்ஸஸ் பாப்பிலோமா. அபூர்வமானது; குழந்தைகளுக்கு வந்தால் பெரும்பாலும் இரண்டு வயதுக்குள்.

மூளையின் உள்ளறைகளில் கோராய்டு பிளெக்ஸஸ் என்ற திசு மூளைத் தண்டுவட நீரைச் சுரக்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி. சுரக்கிற அளவுக்கு வடிந்தும் விடும். இந்தத் திசுவிலேயே கட்டி வந்தால் நீர் அதிகமாகச் சுரக்கும், போகிற வழியும் அடைபடலாம். கைக்குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்றுசேராததால் தலை விரிந்து இடம் கொடுக்கும். அதனால் நோய் வெளியே தெரிய நாளாகும். வாந்தி, சிணுங்கல், தூக்கக் கலக்கம் எல்லாம் செரிமானக் கோளாறு என்றே போய்விடும்.

இது புற்றுநோய் அல்ல. முழுவதும் எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு சரி. கீமோ, கதிர்வீச்சு தேவைப்படாது. ஆனாலும் "சாதாரணக் கட்டி" என்று நான் சொல்லமாட்டேன். எட்டு கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 650 மில்லிதான். இந்தக் கட்டியோ ரத்தக்குழாய்கள் நிறைந்தது. குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவர்களும் தயாராக ரத்தமும் இருக்கும் இடத்தில்தான் இதில் கை வைக்க வேண்டும். எடுத்த பிறகும் சிலருக்கு நீர் வடிய ஷன்ட் குழாய் வேண்டியிருக்கும். இதே திசுவில் புற்றுநோய்க் கட்டியும் வரும் என்பதால் திசுப் பரிசோதனை முடிவு வரும்வரை நாங்கள் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை.

பிறக்கும்போது தலைச்சுற்றளவு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர், ஒரு வயதில் 46 சொச்சம். அப்பாவைப் போலப் பெரிய தலை என்றால் வளர்ச்சிக் கோடு மேலே இருந்தாலும் ஒரே தடத்தில் போகும். அந்தத் தடத்தை விட்டு அடுத்த கோட்டைத் தாண்டி ஏறினால் ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். உச்சிக்குழி விம்மி, வாந்தியும் மந்தமும் சேர்ந்துவிட்டால் அடுத்த தடுப்பூசித் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே தூக்கிக்கொண்டு வாருங்கள்.