சக்சஷன்: தமிழ்ல எப்படிச் சொல்றது?

சக்சஷன்னா ஒரு எடத்துல ஒரு வகைச் செடிங்க போய் அடுத்த வகை வர்றது. இதுக்குத் தமிழ்ல என்ன பேருன்னு ஊட்டியில ப்ளஸ் டூ பாட்டனி படிக்கிற பசங்ககிட்ட கேட்டா "தாவர வழிமுறை வளர்ச்சி"ன்னு டக்குனு சொல்லிருவாங்க, ஆனா அர்த்தம் கேட்டா பாதி பேரு முழிப்பாங்க, ஏன்னா வழிமுறைன்னா இப்ப நமக்கு மெத்தட்தான். பழைய தமிழ்ல வழிமுறைன்னா வம்சம், தலைமுறைன்னும் அர்த்தம் உண்டு, அப்படிப் படிச்சா பேரு பொருந்திரும். சக்சஷனும் லத்தீன்ல இருந்து வந்ததுதான், ஒருத்தருக்குப் பின்னாடி இன்னொருத்தர் வர்றது, ராஜா போனப்புறம் அடுத்தவர் பட்டத்துக்கு வர்றதுக்கும் இதே வார்த்தைதான்.

செடிங்களுக்கு இது எப்படிப் பொருந்தும்னு அமெரிக்காவுல மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேட்டுல காட்டினவரு ஹென்றி கௌல்ஸ், 1899ல. தண்ணிகிட்ட இருந்து உள்ள நடக்க நடக்க மேடு பழசாகும், புல்லு, பைன், ஓக்னு ஆளு மாறிக்கிட்டே போகும், அதாவது பல நூறு வருஷத்த கால்நடையாவே பாத்துரலாம். நம்ம கடற்கரையில முதல் ஆளு அடும்புக்கொடியும் ராவணன் மீசையும். உப்புக்காத்து அடிச்சு மணல் மூடினாலும் கணுவுக்குக் கணு வேர் விட்டு மேல வந்துரும். அது மணலப் பிடிச்சு நிறுத்தி, எல மக்கிச் சத்து சேந்ததும் புதரு வரும், அப்புறம் மரம், கடைசில நெழல் விழுந்து எடம் ஒதுக்கிக் குடுத்த அடும்புக்கே எடம் இருக்காது. பாவம்தான்.

இந்த வரிசை வந்து நிக்கிற எடத்துக்கு 1916ல அமெரிக்கத் தாவரவியலாளர் கிளெமென்ட்ஸ் விரிவா விளக்கம் குடுத்த பேரு கிளைமாக்ஸ், தமிழ்ல உச்சம். கிரேக்கத்துல அந்த வார்த்தைக்கு ஏணின்னு அர்த்தம்.

நம்ம நீலகிரி மலைக்கு வந்தா இந்த ஏணி தடுமாறுது. மேட்டுல புல்வெளி, பள்ளத்துல சோலைங்கிற அடர்ந்த குட்டை மரக்காடு, நடுவுல கோடு போட்ட மாதிரி எல்லை. சோலைதான் உச்சம், தீ வச்சு வச்சுதான் புல்வெளி நிக்குதுன்னு என்.எல். போர்ங்கிற தாவரவியலாளர் எழுதினாரு, இல்ல ரெண்டுமே உச்சம்தான்னு வன அதிகாரி ரங்கநாதன் எழுதினாரு, ரெண்டும் 1938லதான். ஜனவரியில புல்வெளில போய் உக்காந்து பாத்தா ரங்கநாதன் சொன்னது புரியும், உறைபனி விழுந்த காலைல வெளிய மொளச்ச சோலைக்கன்னு நுனி கருகிக் கெடக்கும், தாக்குப்பிடிக்கிற ஒண்ணு ரெண்டு மரத்துல காட்டுப் பூவரசு ஒண்ணு. 1993ல நீலகிரி சதுப்புல படிஞ்ச பீட் மண்ண, அதாவது செடிங்க பாதி மக்கிச் சேந்த மண்ண சோதிச்சு, கிட்டத்தட்ட 20,000 வருஷமா மழை, வறட்சிக்குத் தக்கபடி புல்லும் மரமும் கூடிக் கொறஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அப்ப புல்வெளி அரைகுறையா நின்னு போன காடு இல்ல.

அதனாலதான் எனக்கு "வளர்ச்சி"ங்கிற பாதி ஒட்டல, மேல ஏறிக்கிட்டே போகணும்னு ஒரு எண்ணத்த விட்டுருது. பேச்சுல நான் "தாவர வழித்தொடர்"னு சொல்றேன், பரீட்சைல புக்குல உள்ளதையே எழுதுங்க.

ஒண்ணு விட்டுட்டேன், ஏற்கெனவே மண்ணும் வெதையும் இருக்கிற எடத்துல மறுபடி தொடங்கினா அது இரண்டாம்நிலை வழித்தொடர், வெறும் மணல்ல தொடங்குறது முதல்நிலை. கொடைக்கானல் பக்கம் பழைய சீகைத் (வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்து நட்ட வாட்டில் மரம்) தோப்புக்குள்ள, அந்த நெழல்லயே, சோலைக்கன்னு மொளச்சு வருது. சீகைய மொத்தமா வெட்டணும்ங்கிறவங்க அத ஒரு தடவ குனிஞ்சு பாத்துட்டு வெட்டலாம்.