ஆட்கடத்தலா, ஆள்வணிகமா?

ஆங்கிலத்தில் 'ஹியூமன் டிராஃபிக்கிங்' எனப்படும் குற்றத்தை நம் செய்தித்தாள்கள் 'ஆட்கடத்தல்' என்றோ 'மனிதக் கடத்தல்' என்றோ எழுதுகின்றன. 'கட' என்னும் வினையின் பிறவினையே 'கடத்து'. செம்புக் கம்பி மின்சாரத்தைக் கடத்துகிறது, வேலையில்லாதவர் காலத்தைக் கடத்துகிறார், வேதாரண்யம் கடற்கரை வழியே பொருள் கடத்தப்படுகிறது, பணம் கேட்டுப் பிள்ளையைத் தூக்கிச் செல்வதும் கடத்தலே. 'டிராஃபிக்' என்பதன் பழைய பொருளோ வணிகம். இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அது சரக்கு வாங்கி விற்பதையே குறித்தது.

ஆங்கிலம் மூன்று சொற்களால் பிரித்துக் காட்டும் மூன்று குற்றங்களை, அதாவது ஆளைத் தூக்கிச் செல்வது, எல்லை தாண்டிக் கள்ளத்தனமாகக் கொண்டு சேர்ப்பது, சுரண்டுவதற்காக ஆள் சேர்த்து விற்பது ஆகியவற்றை, தமிழில் ஒரே சொல் சுமக்கிறது. டெல்டாவில் இந்தக் குழப்பத்தால் நேரும் கேடு சிறிதன்று.

மேட்டூர் அணை சூன் 12-இல் திறக்காமல் குறுவை பொய்த்துப்போன ஓர் ஆண்டில், மன்னார்குடிப் பக்கத்து இளைஞர் ஒருவருக்கு பாங்காக்கில் 'டேட்டா என்ட்ரி' வேலை என்று சப்-ஏஜென்ட் ஆசை காட்டுவதாகக் கொள்வோம். அம்மாவின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டி, சொந்த பாஸ்போர்ட்டில், சுற்றுலா விசாவில், உறவினர் வழியனுப்ப விமானம் ஏறுகிறார். அங்கிருந்து தாய்லாந்தின் மே சோட் வரை சாலைப் பயணம். மோயி ஆற்றைத் தாண்டினால் மியான்மரின் மியாவடி. 2022 முதல் தமிழ்நாட்டு இளைஞர்கள் சிக்கி மீண்ட இணைய மோசடிக் கூடங்கள் அங்கேதான் இருக்கின்றன. பாஸ்போர்ட் பறிக்கப்படும், மோசடி செய்ய மறுத்தால் அடி விழும், விடுதலைக்கு விலை பேசப்படும். இதில் எந்த இடத்தில் அவர் 'கடத்தப்பட்டார்'? பெற்றோரே அப்படிச் சொல்லத் தயங்குவர். "அவனாத்தானே போனான்" என்று ஊரும் சொல்லும்.

இந்த மோசடிக் கூடங்களுக்கு ஆள் சேர்க்கும் கும்பல்கள் வேலைச் சந்தைக்கு வெளியே நிற்பவையல்ல. தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுத்து, சந்தையின் தரகர்களையே தம் தரகர்களாக்கிக் கொள்கின்றன. 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் வரியும்தான். பதிவில்லாதவர் கேட்பதற்கு அளவில்லை. அதைக் கட்ட வாங்கிய கடன் தலைமேல் இருக்கும்வரை, பேசிய கூலியில் பாதியே கொடுத்தாலும் தொழிலாளி வாய் திறக்க மாட்டார். ஒப்புக்கொண்ட கூலியை ஒழுங்காகக் கொடுக்கும் முதலாளியோ போட்டியில் பின்தங்குவார்.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலில் கூலியாட்களை ஏற்றிய காலத்திலும், தஞ்சை மாவட்டத்தில் ஆள் பிடிப்பது ஓர் ஒழுங்கமைந்த தொழிலாகவே நடக்கிறது என்று 1870-இல் ஆங்கிலேய அதிகாரி ஒருவரே அரசுக்கு எழுதினார்.

எனவே 'ஆள்வணிகம்' என்பதையே நேர்ச்சொல்லாக நான் கொள்வேன். இது புதிதாகத் தோன்றினாலும் வேர் பழையது: சோழர் காலக் கல்வெட்டுகள் மனிதரை விற்ற ஆவணத்தை 'ஆள்விலைப் பிரமாணம்' என்றே குறிக்கின்றன. நெல்விலை போல ஆள்விலை என்று எழுத அந்தக் காலத்தவர் கூசவில்லை. 'கொத்தடிமை' இதற்கு மாற்றாகாது; அது 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்த கடன்தளை முறையைச் சுட்டுவது. ஆள்வணிகம் பலரை அங்கே கொண்டுபோய்த் தள்ளும் என்பது வேறு.

2000-இல் ஐ.நா. ஏற்ற பலெர்மோ நெறிமுறை இக்குற்றத்தைச் செயல், வழி, நோக்கம் என மூன்றாகப் பகுத்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவும் அவ்வாறே செல்கிறது: சுரண்டும் நோக்கத்தோடு ஆள் சேர்ப்பதே குற்றம், அதற்கான வழிகளில் மிரட்டல், ஏமாற்று, ஆசை காட்டுதல் முதலியவற்றோடு ஒன்றாகவே தூக்கிச் செல்லுதல் வருகிறது, பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கில் கொள்ளப்படாது. ஆகவே காவல் நிலையத்தில் கொடுக்கும் மனுவில் 'வேலை வாங்கித் தருவதாகப் பணமோசடி' என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், யார் ஆள் சேர்த்தார், என்ன சொல்லிச் சேர்த்தார், யாரிடம் ஒப்படைத்தார் என்பதையும் எழுத வேண்டும்.